உட்காரத் தெரியாத பாவாடை

ஜேசுராஜ் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாவாடையின் முன்பக்கம் மேலே எழும்பி வந்து அவன் மூக்கில் இடித்தது. துணிக்குப் பின்னால் அவன் தலை மறைந்துபோயிற்று. கீழே மயிர் அடர்ந்த இரண்டு கால்களும் ரப்பர் செருப்பும் மட்டும் தெரிந்தன.

"கரண்ட்டு போயிருச்சா புஷ்பம்? ஒண்ணுமே தெரியல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "எந்திரிங்க. மெதுவா உக்காருங்க. கொஞ்சம் பின்னாடி தள்ளி," என்றாள். அவன் எழுந்தான். பாவாடை கோயில் மணி கவிழ்ந்த மாதிரி அழகாகக் கீழே இறங்கி நின்றது. மெதுவாக உட்கார்ந்தான். பாவாடை மெதுவாக எழும்பி, மெதுவாக மூக்கில் இடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைபேசியில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடற்கரை. நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய ஓவியம் என்று மணப்பெண் எழுதி அனுப்பியிருந்தாள். படத்தில் முக்கால்வாசி வானம்தான். கடல் ஒரு விரல் அகலத்துக்கு ஓரமாக ஓடியது. அதற்குக் கீழே மணலில் வரிசையாகப் பணக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெள்ளை, ஒருத்தி சாம்பல் நிறம், ஒருத்தி தோளில் சிவப்புச் சால்வை. வரைந்தவர் முகங்களுக்கு ஆளுக்கொரு புள்ளி வைத்ததோடு சரி. மிச்ச நேரத்தையெல்லாம் பாவாடைக்குத்தான் செலவழித்திருக்கிறார். ஒவ்வொரு பாவாடையும் மீன்குழம்பில் சேமியா போட்டு விற்கிற மொஹிங்கா கடை அண்டா மாதிரி அகலம். அவ்வளவு அகலத்தையும் வைத்துக்கொண்டு அவர்கள் சாதாரண நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. சாம்பல் பாவாடைக்காரிக்குக் கீழே நாற்காலியின் கால் ஒன்று மணலில் புதைந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. யாருடைய மூக்கிலும் எதுவும் இடிக்கவில்லை. மத்தியானம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. புஷ்பத்துக்கு அவர்கள் மேல் பொறாமை எதுவும் இல்லை. அவர்களில் ஒருத்தியை எழுப்பி, அம்மா, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள், உள்ளே என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

அவள் கட்டியிருந்தது பிரம்பு. முதலில் கெட்டி வலைத்துணியில் உள்பாவாடை தைத்துப் பார்த்தாள். கோயில் கல்யாணங்களுக்கு அவள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அது இந்த அகலத்துக்கு நிற்காமல் தொங்கிப்போனது. கம்பி வாங்கி வளைத்தாள். பட்டின் கனத்தில் கம்பி ஒரு பக்கம் நசுங்கி, நசுங்கினது நசுங்கினபடியே நின்றது. பிரம்பு அப்படியில்லை. அமுக்கினால் வளையும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன வளையம், அதற்குக் கீழே அதைவிடப் பெரியது, அப்படியே பெரிதாகிப் பெரிதாகித் தரைக்குச் சற்று மேலே ஆள் படுக்கிற அகலத்தில் கடைசி வளையம். வளையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க மேலிருந்து கீழே வரை நெட்டுக்குச்சிகள். குச்சி உரசிப் பட்டு கிழியக் கூடாதென்று ஒவ்வொரு குச்சியின் மேலும் பருத்தி நாடாவை ஓடவிட்டு வளையங்களோடு சேர்த்துத் தைத்திருந்தாள். நின்றால் அப்படியே படத்தில் இருக்கிற பெண்தான். உட்கார்ந்தால்தான் வினை. நாற்காலி விளிம்பு பின்பக்கத்து வளையத்தை மேலே தள்ளியது. குச்சிகள் எல்லாவற்றையும் ஒரே உடம்பாகக் கட்டியிருந்ததால் பின்பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தால் முன்பக்கம் ஒரு முழம் எழும்பியது. பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தைகள் ஏறி விளையாடுகிற ஏற்றப்பலகை மாதிரி.

கீழே வளையம் முழுவதும் மீன்வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளைக் கோத்துப் பார்த்தாள். முன்பக்கம் அமுங்கியது, ஆனால் இடுப்புக் கட்டு அறுந்தது. முன்பக்கத்தைக் குட்டையாக்கினாள். குட்டையான முன்பக்கம் நெஞ்சில் இடித்தது.

"நெஞ்சு மூக்கவிடத் தேவலாம்," என்றான் ஜேசுராஜ்.

மணப்பெண் உயரமானவள். புஷ்பம் குட்டை. அந்த உயரத்துக்கு வீட்டில் இருந்தது புருஷன் ஒருவன்தான். அவன்தான் எந்நேரமும் வீட்டிலும் இருந்தான். ரங்கூன் பசுந்தாங்குப் பேட்டையில் அந்த நாலாவது மாடியை விட்டு அவன் கீழே இறங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. கீழ் மாடி அஜ்மல் தன் வாப்பாவுக்கு மருந்து வாங்க முனைக் கடைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வெகுநாள் கழித்து எங்கோ ஒரு பட்டாள முகாமிலிருந்து பேசினான். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று ஏழெட்டு முறை சொன்னான். பக்கத்தில் யாரோ நிற்கிற குரல் அது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற ஆண்கள் எல்லோருடைய பெயரும் சீட்டில் இருந்தது. வார்டு ஆபீஸில் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெயர் வந்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். ஜேசுராஜுக்கு முப்பத்து மூன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்துக்கு, இந்தத் தெருவுக்கான குலுக்கல்.

அவன் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஊரே இருட்டில் கிடக்கும்போது அவனைப்போல் வேலை உள்ள ஆள் கிடையாது. இப்போது வேலை கயிற்றில் வந்தது. ரங்கூனில் எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பு, மேலே ஒரு சின்ன மணி. பத்திரிகைக்காரனும் காய்கறிக்காரியும் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஜேசுராஜின் கயிற்றில் எரிந்துபோன சர்க்யூட்டுகள் பிளாஸ்டிக் பையில் ஏறி வந்தன, சரியாகி இறங்கின. அவன் வீட்டிலில்லை, இன்சீனில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று புஷ்பம் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தெருவும் தலையை ஆட்டிக்கொண்டு, பழுதான சாமான்களைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போயிற்று.

இந்தப் பாவாடை வேலை வந்தது பணக்காரி டோ திரியிடமிருந்து. அவளுடைய மகள் மா யமின் கல்யாணத்துக்கு முந்தைய படங்களைக் கடற்கரையில் எடுக்கப் போகிறாள். இங்கே இப்போது எல்லா மணப்பெண்களும் அப்படித்தான். ஒருத்தி கொரியா இளவரசியாக நிற்பாள், ஒருத்தி பழைய மாண்டலே ராணியாக நிற்பாள். மா யமினுக்கு இந்த ஓவியம். வெளியிலிருந்து வரவழைத்த பாவாடை எல்லையில் மாட்டிக்கொண்டதால்தான் வேலை பசுந்தாங்குக்கு இறங்கி வந்தது. டோ திரிக்கு ஒரு தம்பி. பானையைக் குலுக்குகிறவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கிறவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு சீட்டு பானைக்குள் விழாமல் மேசையிலேயே தங்கிவிடும். அளவெடுத்த அன்றைக்கே புஷ்பம் அவள் காலடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். டோ திரி அவள் தோளில் தட்டி, "பாவாடை நல்லபடியா முடியட்டும், மா பூ. தம்பிகிட்ட நான் பேசறேன்," என்றாள். பர்மாக்காரர்கள் வாய்க்குள் புஷ்பம் நுழையாது. எல்லோருக்கும் அவள் மா பூதான். அவளுக்கு டோ திரி அமா, அதாவது அக்கா. அன்றிலிருந்து பாவாடை உட்காருவதும் ஜேசுராஜ் பிழைப்பதும் அவளுக்கு ஒரே காரியமாகிவிட்டது. வேறு எதையும் அவளால் யோசிக்க முடியவில்லை. ஜெபமாலை உருட்டும்போதுகூட விரல்கள் வளையத்தைத்தான் தேடின.

பாவாடைக்குள் இருக்கிற பிரம்புக் கூட்டைக் கட்டிக்கொடுத்தவர் உதுமான் பாய். ஓடைக்கரையில் கோழிக்கூடை முடைகிறவர். பிரம்பு முடிச்சு காலப்போக்கில் தளரும் என்று ஒவ்வொரு சந்திப்பையும் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொடுத்திருந்தார். கூட்டை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி அவரிடம் போனாள்.

"ஒரு ரெண்டு குச்சிய எடுத்துட்டா என்ன பாய்?"

"குச்சிய எடுத்தா கூடை கூடையா இருக்குமா தங்கச்சி? எங்க வாப்பா கட்டுன கூடை மேல தடியன் ஏறி நின்னாலும் அமுங்காது. பாக்குறியா?"

"எனக்கு அமுங்கணும் பாய்."

"அமுங்குறதுக்கு எங்கிட்ட ஏன் வந்த?" என்று உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். பிறகு கூட்டைச் சுற்றி வந்து பார்த்து, "இதுக்குள்ள போறது பொம்பளையா, கோழியா? கோழின்னா நான் ஒரு கதவு வெச்சுத் தரேன்," என்றார். புஷ்பம் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை இன்சீன்ல சொகமா இருக்காரா?" என்று கேட்டார். அவர் கண் மட்டும் அவர்கள் வீட்டு மாடிப் பக்கம் போய்வந்தது. ஒரு பை நிறைய வாழைப்பழத்தைக் கொடுத்து, கயிற்றில் கட்டாமல் கையிலேயே கொண்டுபோகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாக அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். உட்காராது என்று தெரிந்தேதான் போனாள். கூடு எந்த வண்டிக்குள்ளும் நுழையாது. டாக்ஸிக் கூரைமேல் வைத்துக் கட்டினார்கள். "கோழியெல்லாம் பின்னாடி வண்டில வருதா?" என்று டிரைவர் கேட்டான். ஏரிப் பக்கத்தில் டோ திரியின் வீடு. கூடத்தில் கண்ணாடிக் கதவுகள். ஜெனரேட்டர் எங்கோ தூரத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் உள்ளது போலவே வைக்கோல் பின்னிய நாற்காலி ஒன்றைக்கூட எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார்கள். மா யமின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். சாம்பல் பட்டு தரையெல்லாம் பரந்து, அவள் நடந்தபோது நடப்பதாகவே தெரியாமல் மிதந்தது. புஷ்பத்துக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. பெண் உட்கார்ந்தாள். பாவாடை எழும்பியது. வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மா யமினும் உள்ளேயிருந்து சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டு அவள் தாயைப் பார்த்தாள்.

டோ திரி சிரிக்கவில்லை. "நின்னு எடுத்தா அது வெறும் கல்யாணப் பொண்ணு. உட்கார்ந்தாத்தான் அந்தப் படம்," என்றாள். "நாளைக் காலைல கார் கிளம்புது. அதுக்குள்ள கொண்டு வா."

"கொண்டு வந்துடறேன் அமா. தம்பிகிட்ட..."

"உன் வேலையே இன்னும் உட்காரல. என் வேலையைக் கேக்குறியே."

புஷ்பம் தரையில் சிதறிய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா அமா? அது தெரிஞ்சாப் போதும்."

"கடற்கரையிலிருந்து வந்ததும் பேசறேன். செவ்வாய், புதன் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை குலுக்கல், அமா."

"ஓ," என்றாள் டோ திரி. "இந்த ஞாயிறா?"

அதில் கெடுதல் ஒன்றுமில்லை. பால்காரன் என்றைக்கு வருவான் என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, காரில் எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று வேலைக்காரியிடம் பேசப் போய்விட்டாள். புஷ்பம் குண்டூசிகளைப் பொறுக்கி முடித்தாள். கை மட்டும் பொறுக்கியது. அவள் சொன்னது அங்கே யார் காதிலும் ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, கூட்டைக் கூடத்தில் போட்டுவிட்டு, நடந்ததை ஜேசுராஜிடம் சொன்னாள். சாயங்காலம். மின்சாரம் இன்னும் வரவில்லை. பாட்டரி விளக்கை ஏற்றாமலே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திரையின் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தது.

"விடு புஷ்பம்," என்றான் ஜேசுராஜ். "நானே போயி ஆபீஸ்ல நின்னுடறேன். சீட்டு வருதோ வரலியோ. இந்தத் திரைக்குப் பின்னாடி இனிமே என்னால முடியாது."

"நீங்க போயி நின்னா, வாங்க உக்காருங்கன்னு டீ குடுப்பாங்களா?"

"நீ பாவாடைய வெச்சு என்னைக் காப்பாத்தப் போறியா? பாரு, நம்ம உசிரு எதுல தொங்குதுன்னு. பாவாடைல." அவன் சிரிக்கத்தான் முயன்றான். ஆனால் குரல் உடைந்து, அவன் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவன் முதுகு குலுங்கி அவள் பார்த்ததில்லை.

புஷ்பத்துக்கு அவனை அணைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. டோ திரி மேல் வந்த கோபத்தைக் காட்ட டோ திரி அங்கே இல்லை, பானை இல்லை, பானையைக் குலுக்குகிறவர்கள் இல்லை. கூடு இருந்தது. ஜேசுராஜின் சாமான்களிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் குனிந்து உதுமான் பாயின் முதல் முடிச்சை வெட்டினாள். கம்பி டக்கென்று தெறித்துக் கன்னத்தில் கீறியது. அடுத்ததை வெட்டினாள். அவன், "ஏய், என்ன பண்ற," என்று திரும்பினான். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டிய இடங்களிலிருந்து குச்சிகளை, மீனிலிருந்து முள்ளை உருவுவதுபோல் ஒவ்வொன்றாக உருவி எறிந்தாள். கடைசிக் குச்சியை உருவியதும், பிடித்திருந்த இடுப்புப் பட்டையைக் கையைவிட்டு நழுவவிட்டாள். வளையங்கள் எல்லாம் தட்டு மேல் தட்டு அடுக்குவதுபோல் சலசலவென்று ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் இறங்கிப் படுத்தன. அவ்வளவு பெரிய கூடு நான்கு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது.

 அவள் இதை எறிந்துவிடத்தான் இடுப்புப் பட்டையைப் பிடித்து எடுத்தாள். எடுத்தபோது முதல் வளையம் எழுந்தது. நாடாக்கள் விறைத்ததும் இரண்டாவது எழுந்தது. அதன் கீழே அடுத்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது பாவாடை முழு வடிவத்தில், படத்தில் உள்ளது போலவே, மணியாகத் தொங்கியது. ஒரு குச்சிகூட இல்லை. கையைத் தாழ்த்தினாள். தட்டுத்தட்டாகப் படுத்தது. மறுபடி தூக்கினாள்.

"நாற்காலியக் கொண்டு வாங்க," என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாவாடையைக் கட்டிக்கொண்டான். உட்கார்ந்தான். முன்பக்கம் எழும்பவில்லை, ஆனால் பின்பக்கத்துக் கடைசி வளையம் தொடைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பாவாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புஷ்பம் கைபேசியை எடுத்தாள். சார்ஜ் தீரப் போகிறது என்று அது எச்சரித்தது. ஓவியத்தில் வரிசையின் கடைசியில், இதுவரை அவள் கவனிக்காத ஒருத்தி, நாற்காலிக்கு முன்னால் பாதி குனிந்து நின்றாள். ஒரு கையில் குடை. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"இவ என்ன பண்றா?" என்று அவனிடம் காட்டினாள்.

"முதுகு சொறியுறாளோ என்னமோ," என்றான் அவன்.

சனிக்கிழமை காலையில் புஷ்பம் பஸ்ஸிலேயே போனாள். தட்டையாகப் படுத்த வளையங்களைச் சைக்கிள் சக்கரத்தைத் தூக்குவதுபோல் தோளில் மாட்டிக்கொண்டாள். பட்டு ஒரு பையில். டோ திரி வீட்டு வாசலில் கார் நின்றது, டிக்கி திறந்திருந்தது. மழை பெய்து விட்டிருந்தது. கூடத்தில் மா யமின் குளித்து, தனகா மரப்பட்டைச் சாந்து பூசின முகத்தோடு காத்திருந்தாள். டோ திரி வளையக்கட்டைப் பார்த்து, "எங்கே பாவாடை?" என்றாள்.

"முதல்ல நான் உக்காந்து காட்டறேன் அமா," என்றாள் புஷ்பம். தன் கைலிக்கு மேலேயே கட்டிக்கொண்டு, அதன்மேல் சாம்பல் பட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அது ஒரு சாண் கூடுதல் நீளம். தரையெல்லாம் தேங்கி நின்றது. கண்ணாடியில் தெரிந்தவளை அவள் பார்க்கவில்லை. வைக்கோல் நாற்காலிக்கு முன்னால் திரும்பி நின்று, வலது கையைப் பின்னால் கொண்டுபோய், உட்கார்ந்தாள். பட்டு பெருமூச்சு விட்டமாதிரி ஒரு சத்தம். பாவாடை அவளைச் சுற்றிலும் இறங்கி, அகன்று, கூடத்தின் பாதித் தரையை மூடிக்கொண்டது. மா யமின் கைதட்டினாள். ஓடிப்போய்க் கைபேசியில் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

டோ திரியின் முகமும் மலர்ந்தது. "நல்லது. கழட்டு. கார்ல வைக்கணும்."

புஷ்பம் எழவில்லை. கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"தம்பிகிட்ட பேசுங்க அமா."

"வந்து பேசறேன்னு சொன்னேனே."

"நாளைக்குக் குலுக்கல் அமா. இப்பப் பேசுங்க. நான் உக்காந்திருக்கேன்."

டோ திரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் மகளைப் பார்த்தாள். "மா பூ, நேரமாகுது," என்றாள். "வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரணும்."  டோ திரி வாசலைப் பார்த்து டிரைவரைக் கூப்பிட்டாள்.

டிரைவர் வந்தான். கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்தான். அவளிடம் போக வேண்டுமானால் எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் பட்டின்மேல் நாலு அடி வைத்தாக வேண்டும். அவன் செருப்பில் சேறு. செருப்பைக் கழற்றினான். கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றான், வரவில்லை. அவனுக்கும் முப்பதுக்குள்தான் வயது இருக்கும். அவன் புஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, "பட்டு கிழிஞ்சிரும் அமா," என்று டோ திரியிடம் சொன்னான்.

"இழுத்தாக் கிழியும்," என்றாள் புஷ்பம். மிரட்டலாகச் சொல்லவில்லை. தையல்காரியாகச் சொன்னாள். "நாடாவெல்லாம் நூல்ல நிக்குது. நானே அவுத்துக் குடுத்தாத்தான் சரியா வரும். குடுத்துடறேன் அமா. பேசிட்டீங்கன்னா உடனே குடுத்துடறேன்."

டோ திரியின் முகத்தில் இருந்த மலர்ச்சியெல்லாம் போய், அங்கே வேறு ஒருத்தி நின்றாள். அந்தத் தம்பியின் அக்கா. மேசையிலிருந்து போனை எடுத்தாள். "உன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டாள். "வீட்டு நம்பர்? எந்த மாடி?"

புஷ்பம் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்தது அது. இன்சீனில் அத்தை வீடு என்று தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்தது. ஒரு பெயரையும் ஒரு மாடியையும் வைத்துக்கொண்டு ஒரு சீட்டை மேசையில் நிறுத்தி வைக்கலாம். அதே பெயரையும் அதே மாடியையும் வைத்துக்கொண்டு நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு வண்டியையும் அனுப்பலாம். அந்தப் போன் இரண்டு விதமாகவும் வேலை செய்யும். சொல்லாமல் எழுந்து ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சொன்னாள். பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். நாலாவது மாடி என்றாள்.

டோ திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குரல் மட்டும் கேட்டது. உயர்ந்தது, தாழ்ந்தது, ஒருமுறை சிரித்ததுபோலக்கூட இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வெளியே டிரைவர் வெறுங்காலோடு படியில் உட்கார்ந்து ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்பத்தின் முதுகில் வேர்வை ஓடியது. பட்டு அசையாமல் அவளைச் சுற்றிப் படுத்திருந்தது.

மா யமின் பட்டின் விளிம்பு வரை வந்து, மிதிக்காமல் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.  சாத்திய கதவைப் பார்த்தாள், புஷ்பத்தைப் பார்த்தாள், பிறகு மெல்லிய குரலில், "எப்படி உட்கார்ந்தீங்க, மா பூ? நேத்து முடியலையே," என்று கேட்டாள்.

புஷ்பம் கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "குச்சி இருக்கக் கூடாது, மா யமின். வளையம் ஒவ்வொண்ணும் நாடாவுல தனியாத் தொங்கணும். உக்காருறதுக்கு முன்னாடி பின்பக்கத்துக் கடைசி வளையத்தக் கையால ஒரு சாண் தூக்கிப் பிடிச்சுக்கணும். தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நாற்காலி விளிம்புல உக்காரணும். உக்காந்த பொறகு கைய விட்டுடலாம். மத்த வளையமெல்லாம் தானா மடிஞ்சு எறங்கிக்கும்."